பேரகராதியும் வகுப்பறையும்

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியை நம்மிற் பலர் நூலகப் பேழையின் கண்ணாடிக்கு இப்பால் நின்றே கண்டவர்கள். இன்று அது சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் எவரும் தேடும் வண்ணம் கிடைக்கின்றது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் உமறுப்புலவரின் சீறாப்புராணத்தையும் மின்வடிவில் தந்துள்ளது.

ஆயினும் வகுப்பறையில் நாம் காண்பது வேறு. செய்யுளில் வரும் 'கண்டனன்' என்பதை மாணவர் அப்படியே தேடுவர். தலைச்சொல்லாக அது இராது. உடனே, அகராதியில் இல்லை என்று முடிவு கட்டிவிடுவர். பகுதி 'காண்' என உணர்ந்து தேடினாலன்றிப் பொருள் அகப்படாது. 'கடலொலித்தது' எனப் புணர்ந்து நிற்பதைக் 'கடல்', 'ஒலித்தது' எனப் பிரிக்க அறியாதார்க்கும் அதே நிலைதான். பகுபத உறுப்பிலக்கணம் தேர்வுக்கு மட்டுமே உரியதென்று எண்ணியிருந்தோர் இவ்விடத்தில்தான் விழித்துக்கொள்கின்றனர். (இலக்கண ஆசிரியர்க்கு இதைவிட வேறென்ன மகிழ்ச்சி!)

ஆகவே, முதலில் தாளிற் பிரித்தெழுதுக, பின்னர்த் தேடுக என்றே நாம் மாணவரைப் பணிக்கின்றோம். மின்பதிப்பில் தட்டச்சுப் பிழை புகுந்திருத்தலும் கூடும். ஐயம் எழுமிடத்து அச்சுநூலோடு ஒப்பிடல் வேண்டும். அதற்கு அந்தப் பேழையின் திறவுகோலை நூலகரிடம் கேட்டுப் பெறுக.