கார்பனுக்கு ஒரு ரேட் லிமிட்: வாஷிங்டன் மாநிலத்தின் கணக்கு

இன்னைக்கு எபிசோட்ல ஒரு சட்டத்தைப் பத்திப் பேசப்போறோம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2021-ல் நிறைவேற்றிய 'கிளைமேட் கமிட்மென்ட் ஆக்ட்'. முதல்லயே சொல்லிடறேன், இது தலைநகர் வாஷிங்டன் இல்லை. மேற்குக் கரையில சியாட்டில் இருக்கிற மாநிலம்.

இந்த முறைக்குப் பேர் 'கேப் அண்ட் இன்வெஸ்ட்'. கோட் எழுதறவங்களுக்கு சட்டுன்னு புரியும். ஒரு ஏபிஐ-க்கு ரேட் லிமிட் வைக்கிறோம் இல்லையா? மொத்தம் இவ்வளவு ரிக்வெஸ்ட்தான், அதுக்கு மேல கிடையாது. அதே மாதிரி, மாநிலம் மொத்த உமிழ்வுக்கு ஒரு உச்சவரம்பு வைக்குது. அந்த அளவுக்குத்தான் 'அலவன்ஸ்' வெளியிடும். ஒரு அலவன்ஸ் இருந்தா ஒரு மெட்ரிக் டன் வெளியிடலாம். வருஷா வருஷம் அந்த எண்ணிக்கை குறையும். 1990 அளவைவிட 2030-க்குள் 45%, 2050-க்குள் 95% குறைக்கணும்ங்கறது மாநிலத்தின் இலக்கு.

யாருக்கெல்லாம் இது பொருந்தும்? ஆண்டுக்கு 25,000 டன்னுக்கு மேல் வெளியிடும் ஆலைகள், மின் நிறுவனங்கள், எரிபொருள் சப்ளையர்கள். சிலருக்கு அலவன்ஸ் இலவசமா கிடைக்கும். மத்தவங்க ஏலத்துல வாங்கணும்.

நேரடியா வரி போட்டா போதாதா? வரியில விலை உறுதி, உமிழ்வு எவ்வளவு குறையும்னு உறுதி இல்லை. உச்சவரம்புல அது தலைகீழ்: அளவு உறுதி, விலை ஏறி இறங்கும். 2023 பிப்ரவரியில் நடந்த முதல் ஏலத்துல ஒரு அலவன்ஸ் 48.50 டாலர். ஆகஸ்ட்ல 63.03. 2024 மார்ச்ல 25.76! அதுக்குள்ள சட்டத்தையே ரத்து செய்யணும்னு ஒரு வாக்கெடுப்பு உறுதியாகியிருந்தது. சட்டமே போயிடலாம்னா, அலவன்ஸுக்கு யார் அதிக விலை கொடுப்பாங்க?

கோபத்துக்குக் காரணம் பெட்ரோல் பங்க்தான். ஒரு கேலன் பெட்ரோல் எரிஞ்சா கிட்டத்தட்ட 8.9 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். டன்னுக்கு 50 டாலர்னா, கேலனுக்கு சுமார் 45 சென்ட். சப்ளையர் அதை முழுசா நம்ம தலையில கட்டினா, வேலைக்கு தினமும் 60 மைல் கார் ஓட்டறவருக்கு அது சின்னத் தொகை இல்லை. விவசாய எரிபொருளுக்குச் சட்டத்துல விலக்கு உண்டு. ஆனா அதை நடைமுறைப்படுத்த ஒழுங்கான வழி இல்லாததால, நிறைய விவசாயிகள் கூடுதல் விலை கொடுத்துட்டு, பணம் திரும்ப வர காத்திருந்தாங்க. நல்ல சட்டமும் 'எட்ஜ் கேஸ்'ல சறுக்கும்.

சரி, பணம் எங்கே போச்சு? 2023 ஏலங்கள்ல மட்டும் சுமார் 180 கோடி டாலர் வந்தது. 18 வயது வரைக்கும் இலவசப் பேருந்துப் பயணம், 2024-ல் குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு மின்கட்டணத்துல 200 டாலர் கழிவுன்னு பல திட்டங்களுக்கு இந்த நிதி உதவிச்சு. மாசுபாட்டால அதிகம் பாதிக்கப்பட்ட சமூகங்களுக்குக் குறைந்தது 35% பலன் போகணும்னு சட்டமே சொல்லுது.

இதே மாநில மக்கள்தான் 2016-ல் கார்பன் வரியையும், 2018-ல் கார்பன் கட்டணத்தையும் வாக்கெடுப்புல தோற்கடிச்சாங்க. 2024 நவம்பர்ல, நடைமுறையில இருக்கிற இந்தச் சட்டத்தை ரத்து செய்யலாமான்னு கேட்டப்போ சுமார் 62% பேர் 'வேண்டாம்'னு வாக்களிச்சாங்க. விலை மட்டும் தெரிஞ்சா கசப்பு. பிள்ளை இலவசமா பஸ் ஏறறதும் தெரிஞ்சா கணக்கு மாறும்னு எனக்குத் தோணுது.

ஆனா ஒண்ணு மறக்காதீங்க. இந்தத் திட்டத்தோட வெற்றியை வசூலான டாலர்ல அளக்கக் கூடாது, குறைஞ்ச டன்லதான் அளக்கணும். ஏலம் அமோகமா நடந்தும் புகை குறையலைன்னா, அது இன்னொரு வரிதான்.

உங்க கருத்தை எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்!