நோபல் வந்த காலையில் டயர் பஞ்சர்!

சத்தம் போடாமல் வாங்க. முன்வாசல் வேண்டாம், அங்கே எல்லோரும் கோட்டும் சூட்டுமாக நிற்பார்கள். சைக்கிள் ஸ்டாண்டு பக்கமாக நுழைந்துவிடுவோம். 2009 அக்டோபர் 7. கேம்பிரிட்ஜ், எம்.ஆர்.சி. மூலக்கூறு உயிரியல் ஆய்வகம்.

நம்ம சிதம்பரத்தில் 1952-ல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், செல்லமாக வெங்கி, இன்று லேட்! சைக்கிள் டயர் பஞ்சர். மனிதர் கடுப்பில் இருக்கிறார். கார் வைத்துக்கொள்ளாமல் சைக்கிளிலேயே வேலைக்கு வருகிறவர், மலைநடை பிரியர்.

இதோ போன் அடிக்கிறது. ஸ்டாக்ஹோமிலிருந்து பேசுகிறோம், நோபல் பரிசு என்கிறார்கள். வேலைவெட்டி இல்லாத எவனோ நண்பன் கலாய்க்கிறான் என்று இவருக்குச் சந்தேகம். ‘உங்கள் ஸ்வீடன் உச்சரிப்பு பிரமாதம்’ என்று பாராட்டு வேறு! தெரிந்த விஞ்ஞானி ஒருவர் லைனில் வந்த பிறகுதான் நம்புகிறார். மனைவி வேரா, குழந்தைகள் புத்தக ஓவியர். செய்தியைக் கேட்டதும் அந்த அம்மா சொன்னது, இதற்கெல்லாம் பெரிய புத்திசாலியாக இருக்க வேண்டும் என்றல்லவா நினைத்தேன்! நம் வீடுகளிலும் இதே பாராட்டுதானே?

அப்படியே உள்ளே எட்டிப் பாருங்கள். இடம் போதாமல் நடைபாதை வரை ஃப்ரீசர்கள். காலை வைக்குமுன் பார்த்து வையுங்கள். சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று 1999-ல் அமெரிக்காவின் யூட்டாவை விட்டு இங்கே வந்தவர் இவர். பரிசு வாங்கித் தந்த வேலை இதுதான்: உயிரணுக்களில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் படிகங்களைக் குளிர் அறையில் வளர்ப்பது, திரவ நைட்ரஜனில் உறைய வைப்பது, பொட்டலம் கட்டிக்கொண்டு எக்ஸ்ரே கூடத்துக்கு ஓடுவது. அங்கே கொடுத்த நேரம் முடிவதற்குள் ராத்திரி பகல் பாராமல் படம் எடுத்தாக வேண்டும். எக்ஸ்ரே பட்டால் படிகம் கெட்டுப்போகும். ஒவ்வொன்றும் பக் பக்!

இத்தனைக்கும் ஐயா படித்தது இயற்பியல். பரோடாவில் பட்டம், 19 வயதில் அமெரிக்கா, 1976-ல் ஓஹையோ பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. அதை மடித்து வைத்துவிட்டு, உயிரியல் கற்க சான் டியாகோவில் மறுபடி மாணவர். பிறகு ஆசிரியர் வேலைக்குச் சுமார் 50 கல்லூரிகளுக்கு விண்ணப்பம். ஒன்றுகூடக் கூப்பிடவில்லை! கடைசியில் பரிசு வந்ததோ வேதியியலுக்கு.

நம்ம ஊர்க் கலாட்டாதான் உச்சம். அவர் பிறந்தபோது அப்பா ஆராய்ச்சிக்காக அமெரிக்காவில். மூன்று வயதில் குடும்பத்தோடு பரோடா போயாயிற்று. ஆனால் பரிசு அறிவித்ததும் இந்தியாவிலிருந்து மின்னஞ்சல்கள் குவிந்து, பெட்டி அடைத்துக்கொண்டது என்று அவரே புலம்பினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இவருக்குப் பாடம் நடத்தினேன் என்றுகூட ஒருவர் கிளம்பினார். மூன்று வயசுக்குள் எந்த செமஸ்டர், சார்?