பாறையில் பதிந்த காலம்: ரைசோகார்ப்பான் ஜியோகிராஃபிகம் லைக்கனும் பனியாற்றுப் படிவுகளின் வயதுக் கணிப்பும்

திறவுச்சொற்கள்: லைக்கன், கூட்டுயிர் வாழ்க்கை, உயர்மலைச் சூழல், பனியாற்றுப் படிவு, வயதுக் கணிப்பு

முன்னுரை

பனியாறு பின்வாங்கும்போது அது சுமந்துவந்த பாறைத் துண்டுகள் மேடுகளாக எஞ்சுகின்றன. அம்மேடுகள் உருவான காலத்தை அறிந்தால்தான் பனியாற்றின் முந்தைய எல்லைகளையும் அது சுருங்கிய வேகத்தையும் வரையறுக்க இயலும். எழுத்துச் சான்றுகளோ மர வளையங்களோ கிட்டாத உயர்மலைப் பகுதிகளில் ரைசோகார்ப்பான் ஜியோகிராஃபிகம் என்னும் லைக்கன் இதற்குச் சான்றாகப் பயன்பட்டு வருகிறது. அதன் இயல்புகளையும், அவற்றை அடிப்படையாகக் கொண்ட காலக் கணிப்பு முறையின் ஏற்புடைமையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

பெயரும் உடலமைப்பும்

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் கூட்டுயிரி. 1753ஆம் ஆண்டில் லின்னேயஸ் இவ்வினத்தை லைக்கன் ஜியோகிராஃபிகஸ் எனப் பெயரிட்டார். பின்னர் இது ரைசோகார்ப்பான் பேரினத்தில் சேர்க்கப்பட்டது. கிரானைட் போன்ற சிலிக்கா மிகுந்த பாறைகளில் இது ஓடுபோல ஒட்டி வளர்கிறது. மஞ்சள் கலந்த பச்சைநிறத் திட்டுகளைக் கரிய பூஞ்சை விளிம்பு சூழ்ந்துள்ளது. அருகருகே வளரும் உடலங்கள் சந்திக்குமிடத்தில் இவ்விளிம்புகள் எல்லைக்கோடுகள் போலத் தோன்றுவதால் பாறைப்பரப்பு நிலப்படத்தை ஒத்திருக்கும். மஞ்சள் நிறத்திற்கு ரைசோகார்ப்பிக் அமிலம் காரணமாகும்.

கடுஞ்சூழலைத் தாங்கும் திறன்

நீர் வற்றும்போது இவ்வுயிரி தன் வளர்சிதை மாற்றத்தை நிறுத்திக்கொள்கிறது. ஈரம் கிட்டியதும் மீண்டும் செயல்படுகிறது. 2005ஆம் ஆண்டில் ஃபோட்டான்-எம்2 விண்கலத்தில் சுமார் இரு வாரங்கள் விண்வெளிச் சூழலுக்கு உட்படுத்தப்பட்ட பின்னரும் இதன் ஒளிச்சேர்க்கைத் திறன் மீண்டது. செயல்படும் காலம் குறுகியது என்பதால் வளர்ச்சியும் மெதுவானது. உடலத்தின் விட்டம் பொதுவாக ஆண்டிற்கு 1 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே பெருகுகிறது.

வயதுக் கணிப்பு முறை

இம்மெதுவான வளர்ச்சியைக் கால அளவுகோலாகக் கொள்ளலாம் என்பதை ஆஸ்திரிய அறிஞர் ரோலண்ட் பெஷல் 1950ஆம் ஆண்டில் ஆல்ப்ஸ் மலைப் படிவுகளைக் கொண்டு முன்வைத்தார். கல்லறைக் கற்கள் முதலிய காலம் அறியப்பட்ட பரப்புகளில் உள்ள மிகப்பெரிய உடலங்களின் விட்டத்தை அளந்து வளர்ச்சி வரைகோடு வரையப்படுகிறது. அதனோடு ஒப்பிட்டுக் காலம் அறியப்படாத பரப்பின் குறைந்தபட்ச வயது கணிக்கப்படுகிறது.

முறையின் வரம்புகள்

பாறை வெளிப்பட்டதற்கும் லைக்கன் குடியேறியதற்கும் இடைப்பட்ட காலம் இடத்திற்கு இடம் வேறுபடும். ஈரப்பதம், பனி மூடியிருக்கும் காலம், பாறையின் தன்மை ஆகியன வளர்ச்சியை மாற்றுகின்றன. இரு உடலங்கள் இணைந்து ஒன்றாகத் தோன்றுவதும், நெருங்கிய இனங்களைக் களத்தில் பிரித்தறிவது கடினமாக இருப்பதும் பிழைக்கு இடமளிக்கின்றன. சான்றாக, 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள உடலத்திற்கு ஆண்டு வளர்ச்சி 0.5 மில்லிமீட்டர் எனக் கொண்டால் வயது 120 ஆண்டுகள், 0.4 எனக் கொண்டால் 150 ஆண்டுகள். வளர்ச்சி வீதத்தில் நேரும் சிறு பிழை பனியாற்று வரலாற்றையே ஒரு தலைமுறை முன்னோ பின்னோ தள்ளிவிடுகிறது. இத்தகைய காரணங்களால் இம்முறையின் அறிவியல் தகுதியையே ஆஸ்போர்னும் உடனாய்வாளர்களும் 2015ஆம் ஆண்டில் வினாவிற்கு உட்படுத்தினர்.

முடிவுரை

ஒரே பள்ளத்தாக்கில் அமைந்த மேடுகளுள் எது முந்தையது, எது பிந்தையது என்பதை அறிய இந்த லைக்கன் பெரிதும் துணைபுரிகிறது. துல்லியமான ஆண்டைக் கூறுவதற்கு அவ்வட்டாரத்திற்கே உரிய வளர்ச்சி வரைகோடும் பிழை எல்லையும் இன்றியமையாதவை. பெரிலியம்-10 போன்ற ஐசோடோப்பு முறைகளோடு ஒப்பிட்டு உறுதிசெய்யப்படும்போதே அதன் சான்று வலுப்பெறும்.