அரங்கன் அருளிய பார்வை

திருச்சி மலைக்கோட்டையின் 400க்கும் மேற்பட்ட படிகளை ஏறி உச்சிப் பிள்ளையாரைத் தரிசிப்போர், அவர் திருமுடியில் குட்டுப்பட்ட வரலாற்றை அறிவர். இராமபிரான் அளித்த ரங்க விமானத்துடன் இலங்கைக்குப் புறப்பட்ட விபீஷணன், காவிரிக் கரையில் நித்திய கருமங்களைச் செய்ய வேண்டி, அங்கிருந்த சிறுவனிடம் அதனை ஒப்படைத்தான். சிறுவன் அதைத் தரையில் வைத்துவிட்டான். வெகுண்ட விபீஷணன் மலையுச்சி வரை துரத்திச் சென்று குட்டினான். சிறுவனாக வந்தவரோ விநாயகர்! குட்டிய பின்னும் விமானம் அசையவில்லை.

அத்தகைய சினம் இன்று பல இல்லங்களில் எழுகிறது. ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியானாலும் தில்லைநகரானாலும், விளக்கேற்றும் வேளையில் பேரன் கைப்பேசியில் ஆழ்ந்திருக்கிறான். தாத்தா இருமுறை அழைத்தும் மறுமொழி இல்லை. தந்தை அதட்டுகிறார், அறைக் கதவு சாத்தப்படுகிறது.

அக்கருவியைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தவர்கள் பெரியோர்களே. 2020ஆம் ஆண்டு பெருந்தொற்றில் பள்ளிகள் மூடப்பட, பாடமே கைப்பேசி வழியாக வந்தது. ஆலயங்களிலும் பக்தர்களுக்கு அனுமதி இல்லாத அந்நாட்களில், பெருமாளைத் திரையில் சேவிக்கப் பாட்டிக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் பேரப்பிள்ளைகள் அல்லரோ!

தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. சந்நிதியின் தூய்மைக்கு அது தகும். இல்லத்திலோ உத்தரவு மட்டும் உறவை வளர்க்காது.

விபீஷணனின் கதை குட்டோடு முடியவில்லை. கலங்கி நின்ற அவனுக்கு அரங்கன், தென்திசை இலங்கையை நோக்கியவாறே பள்ளிகொள்வதாக அருளினான். உடன் செல்லாவிடினும் தன் பார்வையை அவனுக்குத் தந்தான்.

வளரும் பிள்ளைகளுக்கும் வேண்டுவது அத்தகைய பார்வையே. தம் சொல்லைக் கேட்பாரும், தம்மைப் பாராட்டுவாரும் திரைக்குள் கிடைப்பதால் அவர்கள் அங்கே செல்கின்றனர். பேத்தி ஏதோ சொல்ல வரும்போது, வாழ்த்துப் படங்களை அனுப்பிக்கொண்டே தலையசைக்கும் பெரியவர்களும் உண்டு.

இரவு உணவின்போது, தாத்தாவின் கைப்பேசி உட்பட அனைத்தையும் பூஜை அறை அருகே வைத்துவிடலாம். விடுமுறை நாளில் பிள்ளைகளை அம்மா மண்டபப் படித்துறைக்கு அழைத்துச் செல்லலாம். “திரையில் என்னப்பா பார்த்தாய்?” என்று கேட்டு, குறுக்கிடாமல் செவிமடுக்கலாம். அவன் சொல்லி முடித்த பிறகு, எதிரே தெரியும் மலைக்கோட்டையைக் காட்டி விபீஷணன் கதையைத் தொடங்கினால், அவனும் கேட்பான்.