பழைய குறடும் புதிய மருந்தும்

சுட்டபின் தோட்டாவில் எஞ்சுவது பித்தளைக் கோது. தோட்டாவின் உறுப்புக்களுள் விலைகூடியதும் அதுவே. 1870களில் அமெரிக்கச் சமவெளிகளிற் காட்டெருமை வேட்டையாடியோர் அதனை எறிந்துவிடவில்லை. கடைகள் நெடுந்தொலைவில் இருந்தமையால், பாசறை நெருப்பில் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்துக் கோதுகளை மீண்டும் நிரப்பிக்கொண்டனர்.

அவ்வேலைக்கு அமைந்த கருவி, பாக்குவெட்டியை ஒத்ததொரு குறடு. 1884இல் ஜோன் பார்லோ என்பவர் தொடங்கிய ஐடியல் கம்பெனி இத்தகைய குறடுகளாற் பெயர்பெற்றது. எரிந்த வெடிமூடியை நீக்கிப் புதியதைப் பொருத்தவும், குண்டைக் கோதின் வாயில் இறுக்கவும் அஃது ஒன்றே போதும். சிலவற்றின் நுனியிற் குண்டு வார்க்கும் அச்சும் உண்டு. அச்சின் சூடு இரும்புப் பிடிவரை ஏறிக் கையைச் சுடுவதுமுண்டு!

மருந்தை நிறுப்பதில்லை, சிறு அகப்பையால் முகந்தனர். '45-70' என்னும் தோட்டாப் பெயரில் முன்னது குண்டின் பருமன், ஏறக்குறைய 0.45 அங்குலம், பின்னது கருமருந்து 70 கிரேன், அதாவது நாலரைக் கிராம்.

அதே 1884இற் பிரான்சிலே போல் வியேல் புகையில்லா மருந்தை ஆக்கினார். ஆபத்து இங்கேதான் பிறந்தது. கருமருந்துக்கென அளவிட்ட அகப்பையிற் புகையில்லா மருந்தை நிறைய முகந்து இட்டால், எழும் அமுக்கம் துவக்கையே பிளந்துவிடும். சுடுபவர் கண்ணும் கையும் தப்புதல் அரிது. ஆதலால், இன்று அப்பழைய குறடுகளைக் கையாளும் சேகரிப்பாளருள் விழிப்புள்ளோர் அகப்பையைக் கருமருந்துக்கு மாத்திரமே ஒதுக்கி, மற்றையதைத் தராசில் நிறுத்தே இடுகின்றனர். கருமருந்தின் கசடு பித்தளையை அரிக்குமாதலின், சுட்ட கோதுகளைத் தாமதியாது சவர்க்கார நீரிற் கழுவி உலர்த்துதலும் அவர்கள் வழக்கம்.