இதயத்தைத் தூண்டும் மருந்து: ஏன் சில நாள்கள் மட்டும்?

"மருந்து ஏறியதும் தெளிந்துவிட்டாரே, ஏன் நிறுத்துகிறீர்கள்?" என்று கருங்குழிப் பகுதிக் குடும்பத்தினர் எம்மிடம் கேட்பதுண்டு.

டோபுட்டமின், மில்ரினோன் ஆகியவை தளர்ந்த இதயத்தை வலுவாகச் சுருங்கச் செய்கின்றன. சிறுநீரகத்துக்குக் குருதி பாய்ந்து சிறுநீர் பிரிகிறது, கைகால்கள் வெதுவெதுப்பாகின்றன, குருதியில் தேங்கிய லாக்டிக் அமிலம் குறைகிறது. ஆயினும் இதயத்துடிப்பு தடம்புரளக்கூடும். குறிப்பாக டோபுட்டமினால் இதயத்தசையின் ஆக்சிஜன் தேவையும் உயர்கிறது. களைத்த மாட்டைத் தார்க்குச்சியால் குத்தி மதுராந்தகம் ஏரிக்கரையில் வண்டியை ஏற்றுவது போன்றது இது. வண்டி மேடேறும், மாடு மேலும் களைக்கும். 1991இல் வெளியான ஆய்வொன்றில், மில்ரினோனை மாத்திரையாகத் தொடர்ந்து உட்கொண்டோரிடையே இறப்பு 28 விழுக்காடு கூடியது.

ஆகவே, இடர் நீங்கியதும் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துகிறோம். வீட்டில் உப்பைக் குறையுங்கள். மாத்திரைகளைத் தாமாக நிறுத்தாதீர்கள். நாள்தோறும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாள்களில் 2 கிலோ கூடினால் உடனே எம்மிடம் வாருங்கள்.