கோரிக்கை வைக்கட்டும், எல்லோரும் அறிய வைக்கட்டும்

அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் அரசுத் துறைகளிடமும் தனக்காகப் பேசுவதற்கென்று மெட்டா நிறுவனம் 2024-ஆம் ஆண்டில் 2.4 கோடி டாலருக்கும் அதிகமாகச் செலவிட்டது. இந்திய மதிப்பில் ஏறத்தாழ 200 கோடி ரூபாய். இது யாரோ துப்பறிந்து சொன்ன கணக்கு அன்று. அந்த நிறுவனமே தாக்கல் செய்த காலாண்டு அறிக்கைகளில் இருப்பது. எந்த மசோதாவைக் குறித்துப் பேசினார்கள், எந்தத் துறையை அணுகினார்கள், நிறுவனத்தின் சார்பில் பேசியவர்கள் யார் என்ற விவரங்களும் அவற்றில் உண்டு. விரும்பும் எவரும் இணையத்தில் படித்துக்கொள்ளலாம்.

ஃபேஸ்புக்குக்கும் வாட்ஸ்அப்புக்கும் உலகிலேயே அதிகப் பயனர்களைக் கொண்ட நாடு இந்தியா. அதே நிறுவனம் அதே ஆண்டில் புது தில்லியில் எவ்வளவு செலவிட்டது, யாரைச் சந்தித்தது, எந்தச் சட்டப் பிரிவை மாற்றச் சொன்னது என்று கேட்டால் பதில் கிடைக்காது. அந்தக் கேள்விகளைக் கேட்கும் சட்டமே நம்மிடம் இல்லை. மெட்டாவுக்கு மட்டுமல்ல, கூகுள், அமேசான் முதல் உள்நாட்டுப் பெருநிறுவனங்கள் வரை அனைவருக்கும் இது பொருந்தும்.

பெரும் தொழில்நுட்ப நிறுவனங்கள் சட்டமியற்றுவோரிடம் 'லாபி' செய்யலாமா என்ற விவாதம் உலகெங்கும் நடக்கிறது. கூடவே கூடாது என்பாரும், அது ஜனநாயக உரிமை என்பாரும் இரு தரப்பாக நிற்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால், இந்தியாவைப் பொறுத்தவரை அதற்கும் முன்னதாகத் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இங்கு நடப்பது என்னவென்று மக்களுக்குத் தெரிய வேண்டாமா என்பதே அது.

உரிமையும் தேவையும்

ஆட்சியாளரிடம் குறைகளை எடுத்துச் சொல்லித் தீர்வு கேட்பது குடிமக்களின் அடிப்படை உரிமை. 1791-இல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம், பேச்சுரிமையோடு சேர்த்து இந்த உரிமையையும் பாதுகாக்கிறது. விவசாயிகள் சங்கம் அமைச்சரைச் சந்தித்துக் கொள்முதல் விலையை உயர்த்தக் கேட்பதும், மாற்றுத்திறனாளிகள் அமைப்பு நாடாளுமன்றக் குழுவிடம் மனு அளிப்பதும் ஒருவகையில் லாபிதான். இவர்களுக்குத் திறந்திருக்கும் கதவை நிறுவனங்களுக்கு மட்டும் அடைத்துவிட முடியாது.

அரசுக்கும் இதில் ஒரு தேவை இருக்கிறது. 2018 ஏப்ரலில் மார்க் ஸக்கர்பெர்க் அமெரிக்க செனட் குழுவின் முன் தோன்றினார். பயனர்களிடம் கட்டணம் வாங்காத நிறுவனம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் அவரிடம் கேட்டார். விளம்பரங்களால் என்று பதில் வந்தது. வல்லரசின் சட்டமன்றத்துக்கே இத்தகைய அடிப்படை விளக்கம் தேவைப்பட்டது. தொழில்நுட்பம் தெரிந்தவர்களிடம் கேட்காமல் எழுதப்படும் சட்டம், நிறுவனங்களோடு பயனர்களையும் சேர்த்தே பாதிக்கும்.

நிறுவனங்களின் நலனும் மக்களின் நலனும் ஒத்துப்போகும் தருணங்களும் உண்டு. இணையத் திருட்டைத் தடுப்பதாகச் சொல்லி 2011-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் இரண்டு மசோதாக்கள் கொண்டுவரப்பட்டன. இணையதளங்களை முடக்க அவை அளவுக்கு மீறிய அதிகாரம் தருவதாக எதிர்ப்பு எழுந்தது. 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிபீடியா ஒருநாள் இருளில் மூழ்கியது; கூகுள் தன் பெயர்ச் சின்னத்தைக் கறுப்புப் பட்டையால் மறைத்தது. கூகுள் முன்வைத்த மனுவில் மட்டும் 70 லட்சம் பேர் கையெழுத்திட்டனர். மசோதாக்கள் கிடப்பில் போடப்பட்டன. இணையச் சுதந்திரத்தில் அக்கறை கொண்ட பலரும் அதை வரவேற்றார்கள்.

சமமில்லாத தராசு

கோரிக்கை வைக்கும் உரிமை எல்லோருக்கும் சமம் என்றாலும், அதைச் செவிமடுக்க வைக்கும் வலிமை சமமாக இல்லை. விவசாயிகள் சங்கம் ஆண்டுக்கு ஒருமுறை தில்லிக்கு வந்து மனு கொடுத்துவிட்டு ஊர் திரும்பும். பெருநிறுவனத்தின் கொள்கைப் பிரிவு அதே நகரில் ஆண்டு முழுவதும் இயங்குகிறது. மசோதாவின் முதல் வரைவு எழுதப்படும் நாளிலிருந்தே அது அங்கே இருக்கும்.

கூகுள், அமேசான், ஆப்பிள் போன்ற நிறுவனங்கள் தங்கள் தளத்தில் தங்கள் பொருள்களுக்கே முன்னுரிமை தருவதைத் தடுக்க, ஜனநாயகக் கட்சியின் ஏமி குளோபுசாரும் குடியரசுக் கட்சியின் சக் கிராஸ்லியும் இணைந்து செனட்டில் ஒரு மசோதா கொண்டுவந்தனர். 2022 ஜனவரியில் நீதித் துறைக் குழு 16-க்கு 6 என்ற கணக்கில் அதற்கு ஒப்புதல் அளித்தது. பிறகு தொழில் அமைப்புகள் பல கோடி டாலர் செலவில் விளம்பரங்களை வெளியிட்டன. மசோதா நிறைவேறினால் மக்கள் அன்றாடம் பயன்படுத்தும் சேவைகள் சீர்குலையும் என்று அவை எச்சரித்தன. இரு கட்சி ஆதரவு பெற்ற அந்த மசோதா, அவையில் வாக்கெடுப்புக்கே வராமல் காலாவதியானது. அதற்கு லாபி மட்டுமே காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால், யார் எவ்வளவு செலவிட்டார்கள் என்பதை அமெரிக்க வாக்காளர் அறிந்துகொள்ள முடிந்தது.

ஐரோப்பாவிலும் இதே நிலை. 2020-இல் கூகுளின் உள் ஆவணம் ஒன்று கசிந்தது. புதிய தொழில்நுட்பச் சட்டங்களுக்குப் பொறுப்பு வகித்த ஐரோப்பிய ஆணையர் தியரி பிரெட்டனின் முயற்சிகளுக்கு எதிராக ஆதரவு திரட்டும் 60 நாள் திட்டம் அதில் இருந்தது. கூகுளின் தலைமைச் செயல் அதிகாரி சுந்தர் பிச்சை, பிரெட்டனிடம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. டிஜிட்டல் துறையின் 612 நிறுவனங்களும் அமைப்புகளும் ஐரோப்பிய ஒன்றியத்தில் லாபிக்காக ஆண்டுக்கு 9.7 கோடி யூரோவுக்கு மேல் செலவிடுவதாக 2021-இல் தன்னார்வ அமைப்புகள் கணக்கிட்டன. ஐரோப்பிய ஒன்றியம் வெளிப்படைத்தன்மைப் பதிவேடு ஒன்றை வைத்திருப்பதால்தான் அந்தக் கணக்கே சாத்தியமானது.

இந்தியாவின் இரு அனுபவங்கள்

வெளிப்படையாகக் கருத்துக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. தேர்ந்தெடுத்த சில இணையதளங்களை மட்டும் இலவசமாகத் தரும் திட்டத்தை ஃபேஸ்புக், 2015 பிப்ரவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் சேர்ந்து தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட சில பகுதிகளில் தொடங்கியது. 'ஃப்ரீ பேசிக்ஸ்' என்று பிறகு பெயர் மாற்றப்பட்ட அந்தத் திட்டம், இணையத்தின் வாயிற்கதவை ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) அந்த ஆண்டு டிசம்பரில் கலந்தாய்வு அறிக்கை ஒன்றை வெளியிட்டு, நான்கு கேள்விகளுக்குப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது.

ஃபேஸ்புக் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரங்கள் கொடுத்தது. தன் பயனர்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆதரவுக் கடிதம் டிராய்க்குச் செல்லும்படி ஏற்பாடும் செய்தது. ஆணையத்துக்கு 24 லட்சம் அளவுக்குக் கருத்துகள் குவிந்தன. அவற்றுள் பெரும்பகுதி ஒரே வாசகம் கொண்ட இத்தகைய கடிதங்கள். கேட்ட கேள்விகளுக்கு அவற்றில் பதில் இல்லை. தகவலறிந்து முடிவெடுப்பதற்கான கலந்தாய்வை, ஏற்பாடு செய்யப்பட்ட கருத்துக்கணிப்பாக மாற்ற வேண்டாம் என்று டிராய் அந்நிறுவனத்துக்குக் கடிதம் எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று, உள்ளடக்கத்தைப் பொறுத்து வெவ்வேறு கட்டணம் வசூலிப்பதைத் தடைசெய்து விதிமுறைகளை அறிவித்தது.

டிராய் இப்படி உறுதியாக நிற்க முடிந்ததற்கு அதன் நடைமுறையும் ஒரு காரணம். வெளிப்படைத்தன்மையோடு செயல்பட வேண்டும் என்று டிராய் சட்டமே அதற்குக் கட்டளையிடுகிறது. வரும் கருத்துகளை அது தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அவற்றுக்கு மறுப்புரை அளிக்கவும் அவகாசம் தருகிறது. நிறுவனத்தின் வாதம் பொதுவெளியில் வைக்கப்பட்டதால், மாணவர்களும் மென்பொருள் வல்லுநர்களும் ஆர்வலர்களும் வரிக்கு வரி பதில் எழுத முடிந்தது.

இதற்கு நேர்மாறானது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கதை. நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா குழு 2018-இல் வரைவு அளித்தது. 2019-இல் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தது; கூட்டுக் குழு அதை ஆராய்ந்தது; 2022 ஆகஸ்டில் அரசு அதைத் திரும்பப் பெற்றது. சில மாதங்களில் புதிய வரைவை வெளியிட்டுக் கருத்துக் கேட்டபோது, வரும் கருத்துகள் இரகசியமாக வைக்கப்படும், வெளியிடப்பட மாட்டா என்று மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் அறிவித்தது. 2023 ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது.

இடையில் மாறியவை சிறிய விஷயங்கள் அல்ல. 2019 மசோதாவின்படி முக்கியமான சில வகைத் தரவுகளை இந்தியாவிலேயே சேமித்து வைத்திருக்க வேண்டும். 2023 சட்டமோ, அரசு தடைசெய்யும் நாடுகளைத் தவிர மற்ற நாடுகளுக்குத் தரவுகளைக் கொண்டுசெல்ல அனுமதிக்கிறது. தரவு கசிந்து பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோரும் வழி 2019 மசோதாவில் இருந்தது. 2023 சட்டத்தில் அந்தப் பிரிவு இல்லை. நிறுவனங்கள் செலுத்தும் அபராதம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும்.

இந்த மாற்றங்களுக்குத் தக்க காரணங்கள் இருந்திருக்கலாம். நாட்டு எல்லை கடந்து தரவு செல்வதை முற்றிலும் தடுத்தால் இந்திய மென்பொருள் துறைக்கே பாதிப்பு என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. நிறுவனங்கள் கேட்டதால்தான் இவை நடந்தன என்று குற்றஞ்சாட்டவும் நம்மிடம் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாத நிலையே இங்கு குறை. இழப்பீட்டுப் பிரிவு வேண்டாம் என்று யாராவது கேட்டார்களா, கேட்டிருந்தால் என்ன காரணம் சொன்னார்கள், வேண்டும் என்று எத்தனை பேர் எழுதினார்கள் என்பதை, அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வாழும் குடிமகன் அறிந்துகொள்ள வழியில்லை.

இது இரவல் வெளிச்சத்தில் வாழும் நிலை. 2012 டிசம்பரில், இந்தியச் சந்தையில் நுழைவது உள்ளிட்ட பல விஷயங்களுக்காக வால்மார்ட் நிறுவனம் லாபிக்குப் பெரும் பணம் செலவிட்டிருந்தது வெளியாகி, நம் நாடாளுமன்றத்தில் அமளி மூண்டது. விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நியமிக்கப்பட்டார். அந்தத் தகவல் வந்தது அமெரிக்கச் சட்டப்படி அந்நிறுவனம் அங்கே தாக்கல் செய்த அறிக்கைகளிலிருந்து. லாபி நடவடிக்கைகளை வெளிப்படுத்தக் கோரும் தனிநபர் மசோதா ஒன்று அதன்பின் மக்களவையில் முன்வைக்கப்பட்டது. 1970-க்குப் பிறகு எந்தத் தனிநபர் மசோதாவும் சட்டமானதில்லை, இதுவும் ஆகவில்லை.

செய்ய வேண்டியவை

முதல் நடவடிக்கைக்குப் புதிய சட்டமே தேவையில்லை. வரைவுச் சட்டங்களைக் குறைந்தது 30 நாள்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்ற கொள்கையை மத்திய அரசு 2014-லேயே ஏற்றிருக்கிறது. வரும் கருத்துகளையும் டிராய் போலவே வெளியிட வேண்டும் என்று எல்லா அமைச்சகங்களுக்கும் ஓர் ஆணை பிறப்பித்தால் போதும். உண்மையான வணிக இரகசியங்களை மட்டும் நீக்கிவிடலாம்.

இரண்டாவது, சந்திப்புகளைப் பதிவுசெய்யும் கடமையை அதிகாரத்தில் இருப்பவர் மீது சுமத்துவது. சிலி நாடு 2014-இல் இயற்றிய சட்டம் இதைத்தான் செய்தது. லாபி செய்பவர்களைச் சந்தித்தால், யாரை, எதற்காகச் சந்தித்தோம் என்பதை அதிகாரிகளே பொதுப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஐரோப்பிய ஆணையர்களும் 2014 இறுதியிலிருந்து தங்கள் சந்திப்புகளை வெளியிட்டுவருகிறார்கள்.

மூன்றாவது, செலவுக் கணக்கு. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முன்னணி 1,000 நிறுவனங்கள், தாங்கள் உறுப்பினராக உள்ள தொழில் அமைப்புகளின் விவரத்தை வெளியிட வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. கொள்கை வகுப்பில் அவை எடுக்கும் நிலைப்பாட்டைச் சொல்வதோ விருப்பத்துக்கு விடப்பட்டுள்ளது. கூகுள், மெட்டா போன்றவற்றின் இந்தியக் கிளைகள் இங்கு பட்டியலிடப்படாததால், இந்த வரம்புக்குள்ளும் வருவதில்லை. தாமே செலவிடும் தொகையோடு, தொழில் அமைப்புகளுக்கும் ஆய்வு மையங்களுக்கும் தரும் நிதியையும் அவை வெளியிடுமாறு செய்ய வேண்டும்.

இப்படிச் செய்தால் லாபி தரைக்கு அடியில் போய்விடும் என்றொரு ஆட்சேபம் உண்டு. அமெரிக்காவில் தங்களை 'ஆலோசகர்' என்று அழைத்துக்கொண்டு பதிவிலிருந்து நழுவுவோர் இருப்பது உண்மையே. அதனால்தான் சிலியின் முறை பொருத்தமானது. வருபவர் தன்னை என்ன பெயரிட்டு அழைத்தாலும், சந்தித்தவர் பதிவு செய்தாக வேண்டும். தரகு வேலைக்கு இது சட்ட அங்கீகாரம் தந்துவிடும் என்பது இன்னொரு அச்சம். கைமாறு பெற்றுக் காரியம் முடிப்பது ஊழல். அதைத் தண்டிக்கத் தனிச் சட்டம் இருக்கிறது. வாதத்தை எழுத்தில் வைத்து வெளிப்படையாகப் பேசுபவரை அதோடு சேர்த்துக் குழப்ப வேண்டியதில்லை. வெளிப்படைத்தன்மை பெருநிறுவனங்களின் பணபலத்தைக் குறைத்துவிடாது. ஆனால், எதிர்வாதம் செய்ய நேரமும் வாய்ப்பும் மற்றவர்களுக்குக் கிடைக்கும். ஃப்ரீ பேசிக்ஸ் விவகாரத்தில் அதற்கே போதிய பலன் இருந்தது.

டிஜிட்டல் சந்தையில் போட்டியை ஒழுங்குபடுத்தும் சட்டத்துக்கான வரைவு 2024-இல் வெளியிடப்பட்டது. செயற்கை நுண்ணறிவுக்கான நெறிமுறைகளும் அடுத்தடுத்து வரும். அவற்றின் ஒவ்வொரு பிரிவிலும் நிறுவனங்களுக்கு அக்கறை இருக்கும். அவை பேசத்தான் செய்யும். பேசியது என்னவென்று, அந்தச் சட்டங்கள் நிறைவேறும் முன்பே நாட்டு மக்கள் படிக்க முடிய வேண்டும்.